பலூன் வெடிக்கும் லேசர்... முதலில் கண்ணாடி வாங்கிட்டீங்களா?

யூடியூபில் அந்த வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். டார்ச் மாதிரி ஒரு சின்னக் குழல், ஒரு பட்டன். அழுத்தினால் வரிசையாக நிற்கும் கறுப்பு பலூன்கள் பட் பட்டென்று வெடிக்கும், தீக்குச்சி தானாகப் பற்றிக்கொள்ளும். 'செம... நாமும் செய்யலாமே'ன்னு கை பரபரக்கும்.

முதல் லேசரை 1960 மே 16-ம் தேதி, அமெரிக்காவின் மாலிபுவில் இருந்த ஆய்வகத்தில் தியடோர் மைமன் ஒளிரவைத்தார். அது வீட்டு மேஜைக்கு வந்த கதையில் பழைய டிவிடி ரைட்டருக்குப் பெரிய பங்கு உண்டு. டிஸ்க்கில் எழுதும் சிவப்பு டையோடைக் கழற்றி, உலோகக் கூட்டுக்குள் பொருத்தி, மின்னோட்டத்தைச் சீராகத் தரும் 'டிரைவர்' சர்க்யூட்டோடு இணைத்தார்கள். சுமார் 200 மில்லிவாட் கிடைத்தது. 2010 வாக்கில் கேசியோவின் சில புரொஜெக்டர்களைப் பிரித்தவர்களுக்குப் புதையல்! உள்ளே வரிசையாக நீல டையோடுகள், ஒவ்வொன்றும் 1 வாட்டைத் தொடக்கூடியவை. ஆசையில் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால் டையோடு செத்து வெறும் எல்இடி போல மங்கலாக எரியும். இந்தப் பொழுதுபோக்கில் எல்லோருக்கும் நடக்கிற ஆரம்ப நஷ்டம் அது. காசோடு போகும், பரவாயில்லை.

கண்ணுக்கு வரும் நஷ்டம் அப்படி இல்லை.

வகுப்பறையில் காட்டும் பாயின்ட்டர் 5 மில்லிவாட்டுக்குள் இருக்க வேண்டும். 500 மில்லிவாட்டைத் தாண்டினாலே 'கிளாஸ் 4', அதற்கு மேல் வகுப்பே கிடையாது. 1 வாட் என்பது அந்த பாயின்ட்டரைப் போல 200 மடங்கு. போதாததற்கு, நம் கண்ணின் லென்ஸ் அந்தக் கற்றையை இன்னும் குவித்து, விழித்திரையில் ஊசிமுனை அளவு இடத்தில் விழவைக்கும். கண் சிமிட்ட கால் நொடி ஆகும். அதற்குள் வேலை முடிந்திருக்கும். கையில் சுட்டால் 'ஆ'ன்னு இழுத்துக்கொள்வோம். விழித்திரைக்கு வலியே தெரியாது. கருகிய செல்கள் மறுபடி முளைக்காது. நடுப்பகுதியில் பட்டால், எதை நேராகப் பார்க்கிறோமோ அந்த இடத்தில் ஒரு புள்ளி நிரந்தரமாகக் காணாமல் போகும். படிக்கிற எழுத்து, எதிரில் இருப்பவர் முகம்... அங்கேதான்.

'நான் நேரா பார்க்க மாட்டேனே' என்பீர்கள். எவர்சில்வர் டம்ளர், ஜன்னல் கண்ணாடி, செல்போன் திரை என எதில் பட்டுத் திரும்பினாலும் அதே கதைதான். இந்தச் சக்தியில் பக்கத்தில் நின்று சுவரில் விழும் புள்ளியை வெறுங்கண்ணால் உற்றுப் பார்ப்பதே ஆபத்து.

அதனால்தான் கண்ணாடி. கூலிங் கிளாஸ் உதவாது. லேசர் கண்ணாடியிலும் ஒரு விஷயம் இருக்கிறது: அது குறிப்பிட்ட அலைநீளத்துக்கானது. 445 நானோமீட்டர் நீலத்தைத் தடுக்கும் ஆரஞ்சு கண்ணாடி, சிவப்பு லேசரை அப்படியே உள்ளே விட்டுவிடும். கண்ணாடியில் 'ஓடி' என்று ஓர் எண் இருக்கும். ஓடி 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு ஓடி என்று அச்சிடாத மலிவு கண்ணாடியை நம்பாதீர்கள்.

பச்சைதான் உண்மையான கள்ளன். பல பச்சை பாயின்ட்டர்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத 808, 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர்கள் உண்டு. அதிலிருந்துதான் 532 நானோமீட்டர் பச்சையே பிறக்கிறது. அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் இல்லையென்றால் மூன்றும் வெளியே வரும். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 122 பாயின்ட்டர்களைச் சோதித்து 2013-ல் சொன்ன கணக்கு: பச்சையில் கிட்டத்தட்ட 90 சதவிகிதம் அங்குள்ள பாதுகாப்பு விதிகளுக்குள் அடங்கவில்லை. லேபிளில் '5 மில்லிவாட்' என்று இருப்பதற்கு அவ்ளோதான் மதிப்பு.

மொட்டைமாடியில் வானத்தை நோக்கி அடிக்கவே கூடாது. தரையிறங்கும் விமானியின் கண் கூசினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் இதற்கு 5 வருடம் வரை ஜெயில்.

டையோடு ஆர்டர் போடும் முன் கண்ணாடி ஆர்டர் போடுங்கள், கூட நிற்கும் நண்பனுக்கும் சேர்த்து. பேட்டரி மாட்டும் முன் மோதிரம், வாட்ச்சைக் கழற்றிவிட்டு, ரூம் கதவைத் தாழ் போடுங்கள். தம்பியோ பாப்பாவோ திடீரென்று உள்ளே வந்தால் அவர்கள் கண்ணில் கண்ணாடி இருக்காது.