படைப்பிரிவு கிளம்பியது... டீம் கலைந்தது! ராணுவமும் ரக்பியும்: 150 ஆண்டுக் கதை

திருப்பூரில் ரக்பி பந்தை நேரில் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் 'ரக்பி டி-ஷர்ட்' என்றால் ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்கு உடனே புரியும். அகலமான கோடு, கனமான காட்டன் துணி, கெட்டி காலர், ரப்பர் பட்டன். எதிரணிக்காரர் பிடித்து இழுத்தாலும் கிழியக் கூடாது, பட்டன் குத்தி யாருக்கும் காயம் படக் கூடாது. விளையாட்டுத் தேவைக்காக வந்த இந்த டிசைன், பிறகு ஃபேஷன் ஆகிவிட்டது.

சட்டை நமக்குத் தெரியும், சரி. அந்த விளையாட்டு இந்தியாவுக்கு எப்படி வந்தது? அதற்கும் ராணுவத்துக்கும் என்ன தொடர்பு? பார்க்கலாம்.

ரக்பி என்றால் என்ன?

முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். ஆனால் கையால் முன்பக்கம் பாஸ் செய்யக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 'ட்ரை', அதற்கு 5 புள்ளிகள். ஒரு அணிக்கு 15 பேர், ஆட்டம் 80 நிமிடம். ஒலிம்பிக்கில் 2016 முதல் இருப்பது 7 பேர் ஆடும் 14 நிமிட ஆட்டம்.

இந்தியாவுக்கு யார் கொண்டு வந்தார்கள்?

1872 கிறிஸ்துமஸ் நாளில் கொல்கத்தாவில் ஒரு ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள், எதிர்ப்பக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள். அந்த ஆட்டத்துக்குக் கிடைத்த வரவேற்பில் 1873 ஜனவரியில் 'கல்கத்தா ஃபுட்பால் கிளப்' தொடங்கியது. ஒரே வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். கிளப்புக்குப் பெரிய பலமாக இருந்தது, அப்போது அங்கே முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் படைப்பிரிவுகள். குறிப்பாக 'பஃப்ஸ்' என்று அழைக்கப்பட்ட படைப்பிரிவு.

ஏன் கலைந்தது?

1876-ல் பஃப்ஸ் படைப்பிரிவுக்கு இடமாற்றம் வந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டார்கள். கொல்கத்தா வெயிலும் புழுக்கமும் வேறு சேர்ந்துகொண்டது. மிச்சம் இருந்தவர்கள் டென்னிஸ், போலோ பக்கம் போனார்கள். கிளப்பில் இலவச மதுவை நிறுத்தியதும் கூட்டம் குறைந்ததற்கு ஒரு காரணம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

கடைசியில் அணியே இல்லை. ஆனால் வங்கிக் கணக்கில் பணம் இருந்தது. அதை என்ன செய்வது?

வெள்ளி ரூபாயை உருக்கிய கதை

கணக்கில் இருந்த பணத்தை 270 வெள்ளி ரூபாய்களாக எடுத்தார்கள். அவற்றை உருக்கி இந்தியக் கைவினைஞர்களைக் கொண்டு ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடிகள் மூன்று நாகப்பாம்புகள், மூடியின் மேல் ஒரு யானை. 1878-ல் அது இங்கிலாந்தின் ரக்பி சங்கத்திடம் கொடுக்கப்பட்டது. அதுதான் 'கல்கத்தா கோப்பை'. 1879-ல் எடின்பரோவில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இதற்காக முதல் முறை மோதின. அந்த ஆட்டம் சமனில் முடிந்தது. இன்றும் இரு நாடுகளும் ஒவ்வொரு ஆண்டும் இந்தக் கோப்பைக்காக மோதுகின்றன.

ராணுவ அகாடமி அணிகள் மட்டும் எப்படி நிலைக்கின்றன?

இங்கேதான் ஒரு முக்கியமான வித்தியாசம். அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் ரக்பி அணி 1961-ல் தொடங்கியது. அங்கே படிப்பு 4 ஆண்டு. அதாவது ஒவ்வொரு வருடமும் ஒரு பேட்ச் அதிகாரிகளாகி வெளியே போய்விடும். அனுபவமுள்ள சீனியர்கள் போனால் அணி உடைய வேண்டுமே? உடையவில்லை. 2022-ல் அமெரிக்கக் கல்லூரி ரக்பியின் முதல் டிவிஷன் பட்டத்தை முதல் முறையாக வென்றது. அடுத்த ஆண்டே அதே பட்டத்தை அன்னபோலிஸ் கடற்படை அகாடமி தட்டிச் சென்றது.

கொல்கத்தாவில் ஆட்கள் போனதும் அணியும் போனது. அகாடமியில் ஆட்கள் போனாலும் மைதானம், பயிற்சியாளர், அடுத்த பேட்ச் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. சீனியர் போவதற்கு முன்பே ஜூனியர் தயாராகிவிடுகிறார்.

ராணுவம் இந்த விளையாட்டை விரும்பவும் காரணம் உண்டு. அடி விழும், களைப்பு வரும், அதற்கு நடுவிலும் நொடியில் முடிவெடுக்கணும். பின்னால் ஓடிவரும் ஆளை நம்பித்தான் பந்தைக் கொடுக்க முடியும். இலங்கையிலும் ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் தனித்தனி ரக்பி அணிகள் உண்டு. முன்னணி கிளப்களோடு அவை மோதுகின்றன.

இந்தியாவில் இப்போது நிலைமை என்ன?

இந்திய தேசிய அணி சர்வதேச ஆட்டத்தில் இறங்கியது 1998-ல்தான். அதன் பிறகு இந்திய ராணுவ அணி, உள்நாட்டுப் போட்டிகளில் முன்னணிக்கு வந்தது. கிளப் ஆட்டமாக மட்டும் இருந்த ரக்பி, கிராமத்துப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர இதுவும் ஒரு வழியானது. 2025-ல் முதல் முறையாக நடந்த ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் அணி டெல்லியை வீழ்த்திப் பட்டம் வென்றது.

திருப்பூர் பிள்ளைகளுக்கு என்ன வழி?

ராணுவ அதிகாரி ஆகணும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கான பள்ளி, திருப்பூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. உடுமலைப்பேட்டை அருகே அமராவதி அணைப் பக்கம் உள்ள அமராவதிநகர் சைனிக் பள்ளிதான் அது. 1962 ஜூலை 16-ல் தொடங்கப்பட்டபோது அந்தப் பகுதி கோவை மாவட்டத்தில் இருந்தது. புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமிக்கு மாணவர்களைத் தயார் செய்வதே இதன் நோக்கம். விடுதியில் தங்கிப் படிக்கணும். படிப்போடு உடற்பயிற்சியும் விளையாட்டும் அன்றாட அட்டவணையில் உண்டு.

6 மற்றும் 9-ம் வகுப்புகளில் அகில இந்திய நுழைவுத் தேர்வு மூலம் சேரலாம். 6-ம் வகுப்புக்கு, சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று வயது 10 முதல் 12-க்குள் இருக்கணும். 9-ம் வகுப்புக்கு 13 முதல் 15. ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்றிருந்த நிலை மாறி, 2021-22 கல்வியாண்டு முதல் சைனிக் பள்ளிகளில் பெண் பிள்ளைகளும் சேர்க்கப்படுகிறார்கள். வயது வரம்பைத் தாண்டிவிட்டால் வாய்ப்பு போய்விடும் என்பதால், பிள்ளை 5-ம் வகுப்பு படிக்கும்போதே பெற்றோர் விவரம் விசாரித்து வைப்பது நல்லது.