குறுநிலக் குடியரசும் அடைந்த நிலமும்: சான் மரீனோ வரலாறு

குறுநிலம் என்றவுடன் தமிழ் கற்றார் நெஞ்சில் எழுவது மன்னராட்சியே. ஆயின் முடிமன்னர் எவருமின்றிக் குடியரசாகவே பல நூற்றாண்டுகள் நிலைத்த குறுநிலம் ஒன்று இத்தாலி நாட்டால் சூழப்பெற்று விளங்குகின்றது. 61 சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய சான் மரீனோ அது. அந்நாடு தான் அடைந்த நிலங்களை எவ்வாறு தன்னோடு இணைத்துக்கொண்டது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தித்தானோ மலையைச் சார்ந்து வாழ்ந்த இக்குடியரசு, ரிமினித் தலைவன் மலத்தெஸ்தாவுக்கு எதிரான போரில் போப்பாண்டவர் இரண்டாம் பயசின் பக்கம் நின்றது. அதன் பயனாக 1463-இல் செர்ராவல்லே, பியொரெந்தினோ, மோந்தேஜார்தினோ என்னும் மூன்று கோட்டையூர்களையும் அவரிடமிருந்து பெற்றது. அதனையடுத்துப் பாயெத்தானோ என்னும் ஊர் தானே விரும்பி வந்து சேர்ந்தது. அதன்பின் நாட்டின் எல்லை விரியவேயில்லை.

எல்லை நிலைபெற்றது, ஆட்சியுரிமையோ அனைவர்க்கும் பரவவில்லை. பேரவையில் இடம் ஒழிந்தால் அவையினரே தமக்கு உகந்தாரைத் தேர்ந்து நிரப்பிக்கொள்ளும் வழக்கம் வேரூன்றிற்று. சிலர் கைப்பட்ட இவ்வாட்சியின்மீது எழுந்த மனக்குறையே 1739-இல் கர்தினால் அல்பெரோனி நாட்டைக் கைப்பற்றுதற்கு வாயிலாயிற்று. எனினும் குடிகள் பலர் அவர்க்குப் பணிய மறுத்தனர். போப்பாண்டவர் பன்னிரண்டாம் கிளமெந்து உண்மையை ஆராய்வித்து, 1740 பிப்ரவரியில் நாட்டின் உரிமையை மீட்டளித்தார். உள்ளே பங்கு பெறாத குடி, வெளியார்க்கு வழியாதல் கூடும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

1797-இல் நெப்போலியன் எல்லையை விரிவாக்கித் தருவதாக முன்வந்தபோது, அந்தோனியோ ஒனோபிரியின் அறிவுரைப்படி அக்குடியரசு அதனை ஏற்க மறுத்தது. பெருநிலம் தம் உரிமைக்கு ஊறாகும் என அவர் கருதினார். ஏற்றிருப்பின், அந்நிலங்களை உரியோர் மீட்க முற்படும் காலத்தில் சிறுநாட்டின் நிலை யாதாகியிருக்கும் என்பது எண்ணத்தக்கது.

1906-இல் குடும்பத் தலைவர்கள் கூடிய பொதுக்கூட்டம், பேரவையைக் குடிகளே தேர்ந்தெடுத்தல் வேண்டும் என முடிவு செய்தது. 1964-இல் பெண்களும் வாக்களித்தனர். இன்று நாடு ஒன்பது காஸ்டெல்லோக்களாகப் பகுக்கப்பெற்றுள்ளது. தலைநகரும் அவற்றுள் ஒன்றே. 1463-இல் பெற்ற செர்ராவல்லே மக்கள்தொகையில் அதனை விஞ்சி நிற்கின்றது. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஊரவை உண்டு. அனைத்துக்கும் பொதுவாக 60 உறுப்பினர் கொண்ட பேரவையும், ஆறு திங்களே பதவி வகிக்கும் இரு தலைவர்களும் உளர்.

ஆகவே நிலம் இணைந்தது 1463-இல். மக்கள் இணையத் தொடங்கியது 1906-இல் எனலாம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டன நானூற்று நாற்பத்து மூன்று ஆண்டுகள். நாடு கொள்ளுதல் போரினாலோ கொடையினாலோ முடிவதாகும். கொண்ட நிலத்தாரை ஆள்வோராக்குதலே இணைப்பு எனப்படும். அஃது ஒரு சிறுநாட்டுக்கும் இத்துணைக் காலம் வேண்டிற்று என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மையாம்.