ஆணி பதித்த மரக்குண்டு: புதுச்சேரியில் ஒரு விளையாட்டுப் பொருளின் பூர்வீகம் தேடும் முறை

பெத்தாங்க் என்ற பிரெஞ்சுக் குண்டெறி விளையாட்டு புதுச்சேரியில் இன்றும் ஆடப்படுகிறது. ஆட்டக்காரர் கையில் இன்று இருப்பது எஃகுக் குண்டு. எஃகு வருமுன் இந்த ஆட்டம் ஆடப்பட்டது, மேலெல்லாம் இரும்பாணி அறைந்த மரக்குண்டால். அப்படியொன்று பழைய சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீட்டுப் பரணில் அகப்பட்டால், ‘தாத்தா தம் கையாலே செய்தது’ என்ற கதையும் கூடவே இறங்கி வரும். இந்தக் கதையை எப்படிச் சோதிப்பது? கையால் செய்ததையும் வீட்டில் செய்ததையும் ஒன்றாகக் கருதுவதே பூர்வீக ஆய்வின் முதற்பிழை என்பது என் வாதம்.

பெத்தாங்க் பிரான்சின் தென்கரையிலுள்ள லா சியோத்தாவில் 1907இல் உருவானதாக மரபு. மூட்டுவாதத்தால் ஓடி எறிய முடியாத ழூல் லெனுவாருக்காக, கால் ஊன்றி நின்று எறியும் முறை பிறந்தது. குண்டு அதைவிடப் பழையது. வேர் மாவட்டத்து எகீன் கிராமத்தில் ஆண்கள் பாக்ஸ்வுட் வேரைக் கடைந்து உருட்டினார்கள். பெண்கள் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான ஆணிகளை மீன்செதில்போல் அடுக்கி அறைந்தார்கள். 1923இல் வார்ப்பு உலோகக் குண்டும், அந்தப் பத்தாண்டின் இறுதியில் எஃகுக் குண்டும் வந்தபின் அத்தொழில் தேய்ந்தது. ஆகவே ஆணிகளின் அழகு, அது வீட்டில் செய்யப்பட்டதற்குச் சான்றாகாது. வரிசை பிசகாத செதிலடுக்கு, பழகிய பட்டறைக் கையையே காட்டும்.

உள்ளூர்க் கையைக் காட்டக்கூடியது மரம். பம்பரம் கடைந்த கடைசல் பட்டறைகள் நம் பக்கத்தில் உண்டு. பம்பரத்தின் அடியில் ஆணி இறக்கத் தெரிந்தவருக்கு மரக்குண்டு புதிரல்ல. உட்கட்டை பாக்ஸ்வுட் என்றால் பொருளோ மரமோ வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். பூவரசோ வேம்போ என்றால் நம் ஊர்ப் பட்டறையைத் தேடலாம். நுண்ணோக்கியில் மரத்தின் துளையமைப்பு இதைப் பெரும்பாலும் தெளிவாக்கிவிடும்.

ஆணி பொருளின் வயதுக்கு மேல்வரம்பைத் தரும். உருண்டைத் தண்டுள்ள கம்பியாணி இயந்திரத்தில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவலானது. பழுதுபார்க்கப்படாத பொருள் தன் மிகப் புதிய ஆணியைவிடப் பழையதாக இருக்க முடியாது. அந்த ஆணி பின்னால் பழுதுபார்த்தபோது அறையப்பட்டதா என்பதை எக்ஸ்ரே படம் கொண்டு பார்க்கலாம். துருவை மட்டும் நம்பக் கூடாது. உப்புக்காற்று வீசும் இந்த ஊரில் புதிய இரும்பும் விரைவில் கிழடு தட்டிவிடும்.

அளவும் பேசும். இன்றைய பெத்தாங்க் விதிப்படி விட்டம் 70.5 முதல் 80 மி.மீ., எடை 650 முதல் 800 கிராம். லியோன் நகர ஆட்டத்தின் குண்டு 90 மி.மீ.க்கும் மேல். எனவே பெரிய குண்டை உடனே பெத்தாங்க் என்று பெயரிடுவது அவசரம்.

அடுத்தது காகிதம். 1881 பிரெஞ்சு ஆணையின்கீழ்த் தம் சமூகத் தனிச்சட்ட உரிமையைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்களிலிருந்து பலர் பிரெஞ்சுப் பணிக்கும் படைக்கும் போனார்கள், இந்தோசீனாவிலும் பணியாற்றினார்கள். ஒருவர் எந்த ஆண்டில் எங்கே இருந்தார் என்பதைப் படைப்பதிவும் ஓய்வூதியத் தாளும் சொல்லும். அவை அவரிடம் குண்டு எப்போது, எங்கே வந்திருக்கலாம் என்பதைக் குறுக்கித் தரும். செய்தவர் யார் என்று சொல்லமாட்டா. குடும்பக் கதையும் அப்படித்தான். அது பொய்யல்ல, உடைமைக்கும் பாசத்துக்கும் சாட்சி. செய்தது, ஆடியது, வைத்திருந்தது என்ற மூன்று வரலாறுகளையும் பிரித்துக் கேட்டால் ஒவ்வொரு சான்றும் தன் இடத்தில் நிற்கும்.

செய்தவர் முத்திரையில்லாத பொருளுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். பக்கத்திலுள்ள பண்டைத் துறைமுகத் தளமான அரிக்கமேடு பதில் வைத்திருக்கிறது. 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், இத்தாலிய அரெட்டைன் மட்கலங்களை அளவுகோலாக்கி அவ்வூரின் காலத்தைக் கணித்தார். மட்கலங்களை மீண்டும் ஆராய்ந்து, 1989 முதல் 1992 வரை அங்கே அகழ்ந்த விமலா பெக்லி, ரோமானியச் சரக்கு வருமுன்பே அங்கே குடியிருப்பு இருந்ததை நிறுவினார். முத்திரையுள்ள அயல்கலம் முன்னே நின்றதால் உள்ளூர்ப் பானைக்கு நாற்பதாண்டு காத்திருப்பு நேர்ந்தது.

மரக்குண்டிலும் அதே ஆபத்து இருபுறமும் உண்டு. எல்லாவற்றையும் பிரெஞ்சுப் பொருளென்றால் நம் கடைசல்காரர் மறைந்துபோவார். எல்லாவற்றையும் தாத்தாவின் கைவேலை என்றால் எகீன் பெண்கள் மறைந்துபோவார்கள். மரத்தையும் ஆணியையும் முதலில் விசாரிப்பது இரு தரப்பு உழைப்பாளிகளுக்கும் நாம் செலுத்த வேண்டிய கடன்.