இங்கிலாந்தில் கவுன்சில் முதியோர் குடியிருப்புகளை இடித்துக் கட்டுதல்

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றத்தைக் கவுன்சில் என்பார்கள். கவுன்சிலுக்குச் சொந்தமான வாடகை வீடுகளில், முதியோருக்கென்றே கட்டப்பட்ட உதவிக் குடியிருப்பு ஒரு தனி வகை. அங்கே இதற்கு ‘ஷெல்டர்டு ஹவுசிங்’ என்று பெயர். இது முதியோர் இல்லம் அல்ல. இங்கே வசிப்பவர் வாடகைதாரர். அவருக்குத் தனிக் கதவும் தனிச் சாவியும் தனிச் சமையலிடமும் உண்டு. முன்பு குடியிருப்போரைக் கவனிக்க ஒரு வார்டனும் கட்டடத்திலேயே இருந்தார். கூடவே அவசர மணி, எல்லோரும் கூடும் பொதுக்கூடம், துணி துவைக்கும் அறை, வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகள் இரவு தங்க விருந்தினர் அறை ஆகியவை பெரும்பாலும் இருக்கும். சேர்வதற்கான வயது பொதுவாக 55 அல்லது 60. 1960களிலும் 70களிலும் எழுந்த இக்கட்டடங்கள் இன்று ஐம்பது ஆண்டைத் தொட்டோ தாண்டியோ நிற்கின்றன. பழுதுபார்ப்பதா, இடித்துக் கட்டுவதா, மூடிவிட்டு நிலத்தை விற்பதா என்று ஒவ்வொரு கவுன்சிலும் முடிவெடுக்க வேண்டிய கட்டம் இது.

தோற்றம்

முதியவருக்கு வீடு கொடுப்பது இங்கிலாந்தில் பழைய அறம். வின்செஸ்டர் நகரில் 1130களில் தொடங்கிய செயின்ட் கிராஸ் தரும விடுதியில் இன்றும் முதியவர்கள் வாழ்கிறார்கள். ஆனால் ஏழை முதியவர் பெரும்பாலோருக்கு வாய்த்தது தரும விடுதி அல்ல. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நாடெங்கும் எழுந்த ‘வொர்க்ஹவுஸ்’ என்னும் பணி விடுதிதான் அவர்களுடைய கடைசிப் புகலிடம். கணவனையும் மனைவியையும் பிரித்து வைத்த இடம் அது. 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் ஏழையர் சட்டத்தை ஒழித்தது. கட்டடங்கள் மட்டும் ஒழியவில்லை. பலகையை மாற்றி அதே கட்டடங்களில் முதியோரை வைத்திருந்தார்கள். சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் அவற்றை நேரில் சென்று ஆராய்ந்து 1962இல் ‘தி லாஸ்ட் ரெஃப்யூஜ்’ என்ற நூலாக வெளியிட்டார். விடுதிகளுக்குப் பதிலாக, அருகில் உதவி கிடைக்கும் தனி வீடுகளே முதியோருக்குத் தேவை என்பது அவருடைய வாதம்.

1969இல் வீட்டு வசதி அமைச்சகம் வெளியிட்ட 82/69 எண் சுற்றறிக்கை இத்தகைய வீடுகளுக்கு அளவுகளை வகுத்தது. நடமாட்டம் உள்ளவர்களுக்கு முதல் வகை. சற்றுத் தளர்ந்தவர்களுக்கு இரண்டாம் வகை. இரண்டாம் வகையில் வெப்பமூட்டிய உள் நடைபாதை, பொதுக்கூடம், வார்டன், அவசர மணி எல்லாம் கட்டாயம். குளிரில் வெளியே கால் வைக்காமலே அடுத்த வீட்டுக்காரரைப் போய்ப் பார்க்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய வசதி. 1980இல் கவுன்சில் வீடுகளை வாடகைதாரர்களே வாங்கிக்கொள்ளும் உரிமை வந்தபோது இந்தக் குடியிருப்புகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மற்ற வீடுகள் லட்சக்கணக்கில் விற்றுப் போன பிறகும் இவை கவுன்சில் கையில் தங்கியதற்கு அதுவே காரணம்.

ஏன் இடிக்கிறார்கள்

முதற்காரணம் அளவு. அன்று கட்டியவற்றில் ஏராளமானவை ‘பெட்சிட்’ எனப்படும் ஒற்றை அறை வீடுகள். கதவைத் திறந்தால் கட்டில். கட்டிலில் உட்கார்ந்தபடியே அடுப்பைப் பார்க்கலாம். பேரன் வந்தால் அவனும் கட்டில் விளிம்பில்தான் உட்கார வேண்டும். சில இடங்களில் குளியலறையைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். போர்க்காலத்தைப் பார்த்த தலைமுறை இதை ஏற்றுக்கொண்டது. அடுத்த தலைமுறை ஏற்கவில்லை. காலி விழுந்த வீடு காலியாகவே கிடந்தது.

இரண்டாவது, சக்கர நாற்காலி. அது திரும்புவதற்கு 1,500 மில்லிமீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும். பழைய குளியலறையின் முழு அகலமே பல இடங்களில் அவ்வளவு இராது. 65 வயதில் ஏறி இறங்கிய குளியல் தொட்டி 85 வயதில் சுவராக நிற்கும். மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் மாடி வீடு, முழங்கால் தேய்ந்தவருக்குச் சிறையாகிவிடும்.

அவசர மணியையும் சொல்ல வேண்டும். குளியலறைக் கூரையிலிருந்து தரைவரை தொங்கும் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் கயிறு அது. விழுந்து கிடப்பவர் கைக்கு எட்ட வேண்டும் என்றே அவ்வளவு நீளம். துடைக்கும்போது தடுக்கிறது, விளக்கென்று நினைத்து இழுத்துவிடுகிறோம் என்று பலர் அதைச் சுருட்டி மேலே முடிச்சுப் போட்டுவிடுவார்கள். அந்த முடிச்சைக் கண்டு அவிழ்த்துவிட்டுப் போவது வார்டனின் அன்றாட வேலைகளுள் ஒன்றாக இருந்தது. அந்த வார்டன்தான் முதலில் மறைந்தார். 2003இல் தொடங்கிய ‘சப்போர்ட்டிங் பீப்பிள்’ திட்டம் இந்த உதவிக்கென்று தனி நிதி தந்தது. அந்த நிதியை இதற்கே செலவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு 2009இல் நீக்கப்பட்டது. கட்டடத்திலேயே குடியிருந்த வார்டன்களை நிறுத்திவிட்டு, பல இடங்களைச் சுற்றிவரும் ஊழியர்களை வைக்கக் கவுன்சில்கள் முற்பட்டன. பார்னெட், போர்ட்ஸ்மவுத் ஆகிய இரு கவுன்சில்களின் முடிவை முதியவர்கள் எதிர்த்து வழக்காடினார்கள். ஊனமுற்றோர் மீதான விளைவைச் சட்டப்படி எண்ணிப் பார்க்கவில்லை என்று கூறி 2009 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்த முடிவுகளைச் சட்டவிரோதம் என்றது. ஆனாலும் வார்டன் குடியிருந்த காலம் பெரும்பாலான ஊர்களில் திரும்பவில்லை. இப்போது பழைய தொலைபேசிக் கம்பிவழி இணைப்பே 2027 ஜனவரிக்குள் நிறுத்தப்படவிருப்பதால், அதை நம்பியிருக்கும் அவசர மணிகளை எல்லாம் மாற்றியாக வேண்டும்.

மூன்றாவது காரணம் நிலம். இரண்டே மாடி, சுற்றிலும் புல்வெளி, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கம் என்று அமைந்த மனையில் ஐந்தாறு மாடி கட்டலாம். சில வீடுகளை விற்றுச் செலவை ஈடுகட்டலாம். 2018 அக்டோபரில் கவுன்சில்களின் வீட்டுவசதிக் கடனுக்கு இருந்த உச்சவரம்பு நீங்கியதும் இத்தகைய திட்டங்கள் எளிதாயின. இந்தக் காரணத்தைக் கவுன்சில் மறைக்காமல் சொல்வது நல்லது. புதுக் கட்டடம் முதியவருக்காகவா, விற்பனைக்காகவா என்று கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி அதுதான். அது நியாயமான கேள்வியும்கூட.

இடிப்பு ஒன்றே வழி என்பதும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு பெட்சிட்டுகளின் இடைச்சுவரை எடுத்து, தனிப் படுக்கையறையுள்ள ஒரு வீடாக்குவது பல ஊர்களில் செய்து பார்த்த வழி. வீடுகளின் எண்ணிக்கை குறையும். ஆனால் மரமும் தோட்டமும் அக்கம்பக்கமும் மிஞ்சும்.

குடிபெயர்ப்பு

இடிப்பதற்காகக் குடியிருப்பவர்களை வெளியேற்றுவதை அதிகாரிகள் ‘டீகேன்ட்’ என்பார்கள். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது என்பது அச்சொல்லின் பொருள். மனிதரைக் குறிக்க இதைவிடப் பொருந்தாத சொல் இராது. நாற்பது ஆண்டு வாழ்ந்த தெருவில் மருந்துக்கடைக்காரர் பெயர் தெரியும். பார்வை மங்கியவருக்கு நடைபாதையில் எத்தனை அடி வைத்தால் தன் கதவு என்று காலுக்குத் தெரியும். அவற்றைப் பெட்டியில் கட்டி எடுத்துப் போக முடியாது.

சட்டம் சில காப்புகளைத் தருகிறது. 1985ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி, வாடகைதாரரைக் கணிசமாகப் பாதிக்கும் மாற்றங்கள் குறித்து அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். பிரென்ட் கவுன்சில் தொடர்பான 1985ஆம் ஆண்டு வழக்கில் உருவான நெறிகளின்படி, திட்டம் இன்னும் உருவாகும் நிலையிலேயே கேட்க வேண்டும். காரணங்களைப் போதிய அளவு சொல்ல வேண்டும். பதிலளிக்க நேரம் தர வேண்டும். வந்த பதில்களை மனச்சான்றுடன் பரிசீலிக்க வேண்டும். இடிப்பதற்காக ஒருவரை வெளியேற்ற நீதிமன்றம் உத்தரவிட வேண்டுமானால், அவருக்குத் தகுந்த மாற்று வீடு இருக்க வேண்டும். ஓராண்டாவது அங்கே வாழ்ந்திருந்தவருக்கு 1973ஆம் ஆண்டு நில இழப்பீட்டுச் சட்டம் வீட்டிழப்புத் தொகை தருகிறது. 2023 அக்டோபரில் வாடகைதாரருக்கு அது 8,100 பவுண்டாக உயர்த்தப்பட்டது. சாமான் ஏற்றுவது, அடுப்பைக் கழற்றி மாட்டுவது, புது ஜன்னலுக்குத் திரை தைப்பது போன்ற செலவுகள் தனி.

சட்டம் தராதது ஒன்று உண்டு: புதுக் கட்டடத்துக்குத் திரும்பிவரும் உரிமை. அதைத் தருவதும் தராததும் அந்தந்தக் கவுன்சிலின் கொள்கை. லண்டனில் 2018 முதல், மேயரின் நிதி பெற்று சமூக வாடகை வீடுகளை இடித்து 150 அல்லது அதற்கு மேல் வீடு கட்டும் திட்டங்களுக்குக் குடியிருப்போர் வாக்கெடுப்பு வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. முப்பது நாற்பது வீடு கொண்ட முதியோர் குடியிருப்பை அதே அளவில் திரும்பக் கட்டும் திட்டம் அந்த எண்ணிக்கையை எட்டுவதே இல்லை.

திரும்பும் உரிமை எழுத்தில் இருந்தாலும் காலம் இருக்கிறது. முதல் கூட்டத்திலிருந்து புதுச் சாவி கைக்கு வரும்வரை பல ஆண்டுகள் ஓடிவிடும். நாற்பது வயதுக்காரருக்கு அது காத்திருப்பு. 84 வயதுக்காரருக்கு அது எஞ்சிய வாழ்நாளாகவே இருக்கலாம். அதனால் மனையில் காலியாக உள்ள பகுதியில் முதலில் கட்டி, மக்களை ஒரே ஒரு முறை நகர்த்தி, பிறகு பழையதை இடிப்பதே சிறந்த முறை. செலவும் சிக்கலும் கூடும் என்று கவுன்சில்கள் தயங்குகின்றன. அந்தத் தயக்கத்துக்கான விலையை முதியவர் தம் ஆண்டுகளால் கொடுக்கிறார்.

புதுக் கட்டடம்

பழையதன் இடத்தில் இப்போது பெரும்பாலும் எழுவது ‘எக்ஸ்ட்ரா கேர்’ குடியிருப்பு. தனி வீடு, வாடகை உரிமை ஆகியவற்றோடு இரவும் பகலும் பராமரிப்பு ஊழியர்கள் அங்கேயே இருப்பார்கள். ரிச்சர்ட் பெஸ்ட் பிரபு தலைமையிலான குழு 2009இல் தந்த ‘ஹாப்பி’ அறிக்கை இதற்கு வழிகாட்டி. தாராளமான இடம், இரு பக்கமும் வெளிச்சம், செடி வைக்கப் பால்கனி, பிறகு மாற்றிக்கொள்ளத்தக்க அமைப்பு என்று அது வற்புறுத்தியது. தென் லண்டன் பெர்மண்ட்சியில் தரும அறக்கட்டளை ஒன்று கட்டிய ஆப்பிள்பி புளூ முதியோர் குடியிருப்பு 2025இல் பிரிட்டனின் உயரிய கட்டடக்கலைப் பரிசான ஸ்டர்லிங் பரிசைப் பெற்றது. கவுன்சில்கள் போய்ப் பார்க்க வேண்டிய கட்டடம் அது.

1980களில் போருக்குத் தப்பி லண்டன் வந்த ஈழத் தமிழர் பலர் இப்போது இந்தக் குடியிருப்புகளுக்குரிய வயதை எட்டியிருக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கோ மாமாவுக்கோ கவுன்சிலிலிருந்து இப்படி ஒரு ஆங்கிலக் கடிதம் வந்தால் ஓரமாக வைத்துவிடாதீர்கள். கருத்துச் சொல்லக் கடைசி நாள் எது என்று முதலில் பாருங்கள். கூட்டத்துக்கு அவர்களோடு போங்கள். திரும்பிவர முடியுமா, வந்தால் வாடகை எவ்வளவு, எத்தனை முறை வீடு மாற வேண்டும் என்ற மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.