எலும்பைப் பிடித்துக்கொண்ட கண்ணாடி

1967. ஃப்ளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரி ஹென்ச் ஒரு மாநாட்டுக்கு பஸ்ஸில் போகிறார். கூட வந்தவர் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ராணுவ கர்னல். உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடம்பு ஏற்பதில்லை, அதனால் எத்தனையோ வீரர்களின் கை கால்களை வெட்ட வேண்டியதாகிறது, இதற்கு ஏதாவது செய்ய முடியாதா என்று கேட்கிறார்.

ஹென்ச்சின் கணக்கு எளிமையானது. எலும்பில் இருப்பது கால்சியமும் பாஸ்பேட்டும். அதையே கண்ணாடியில் போட்டால்? 1969-ல் சிலிக்கா 45%, சோடியம் ஆக்சைடு 24.5%, கால்சியம் ஆக்சைடு 24.5%, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 6% சேர்த்து உருக்கினார்கள். எலியின் தொடை எலும்பில் வைத்த துண்டை பிறகு பிடுங்கவே முடியவில்லை. அதுதான் பயோகிளாஸ்.

இதற்கு முன்பே இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. 1930-களில் டூபான்ட் கம்பெனியில் கரோதர்ஸ், லாக்டைடு என்ற வளைய மூலக்கூறைத் திறந்து பாலியெஸ்டர் சங்கிலி செய்தார். தண்ணீர் பட்டால் சிதைகிற சரக்கு, துணிக்கு உதவாது. ஆனா அந்த பலவீனம்தான் பின்னால் டாக்டர்களுக்கு வரமானது: பிரிக்க வேண்டாத, தானே கரைகிற தையல் நூல்!

இரண்டையும் சேர்த்தால் எலும்புக்கு நல்ல சாரம் கிடைக்குமே? அங்கேதான் சிக்கல். சூட்டில் கலக்கும்போது கண்ணாடித் தூளின் காரத்தன்மை பாலியெஸ்டர் சங்கிலியை வெட்டிவிடும். தூளும் பிளாஸ்டிக்கும் சரியாக ஒட்டுவதுமில்லை. போதாததற்கு, வளையங்களைத் திறக்க வழக்கமாகச் சேர்க்கும் வெள்ளீயச் சேர்மம் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும்.

எங்க தொழில்ல "இது பக் இல்லை, ஃபீச்சர்"னு கிண்டலா சொல்வோம். இங்கே நிஜமாகவே அப்படித்தான். கண்ணாடித் தூளின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. வளையத்தைத் திறந்து சங்கிலியைத் தொடங்கி வைக்க அவையே போதும். ஆக, சங்கிலி உருவான பிறகு தூளைக் கலக்காமல், வளையங்களாக இருக்கும்போதே கலந்து சூடாக்கினால், சங்கிலி தூளின் மேலிருந்தே முளைக்கிறது. ஒட்டு பிரச்சினை குறைகிறது, வெள்ளீயமும் தேவையில்லை.

அளவுதான் முக்கியம். தூள் கூடினால் தொடங்கும் இடங்கள் கூடும், ஒவ்வொரு சங்கிலியும் குட்டையாகும், பொருள் வலுவிழக்கும். ஈரம் இருந்தால் தண்ணீரும் தன் பங்குக்குத் தனிச் சங்கிலிகளைத் தொடங்கிவிடும். அவை தூளோடு ஒட்டாது.

துணிக்கு ஆகாத பிளாஸ்டிக், அதை வெட்டுகிற கண்ணாடி. இரண்டின் குறையும் ஒரே இடத்தில் பயன்பட, சேர்க்கும் வரிசையை மாற்றினாலே போதுமாக இருந்தது பாருங்க.