சட்டான்பள்ளி மோதல் சாவுகள்

சட்டான்பள்ளி மோதல் சாவுகள் எனப்படுவது, 2019 டிசம்பர் 6 அதிகாலையில் ஐதராபாத் அருகே சட்டான்பள்ளியில், காவலில் இருந்த நால்வர் சைபராபாத் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வைக் குறிக்கும். பெண் கால்நடை மருத்துவர் ஒருவரை வன்புணர்ந்து கொன்றதாகக் கைதான இவர்கள், சம்பவ இடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது துப்பாக்கிகளைப் பறித்துத் தாக்கியதாகக் காவல்துறை கூறியது. பொதுமக்கள் காவலர்கள் மீது மலர் தூவினர். நால்வரின் வயது பற்றிய கேள்வி அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போனது.

விசாரணை ஆணையம்

உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பர் 12 இல் முன்னாள் நீதியரசர் வி. எஸ். சிர்புர்கர் தலைமையில் மூவர் ஆணையத்தை அமைத்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கின் புலனாய்வுக் குழுவுக்குத் தலைமையேற்ற தமிழரான டி. ஆர். கார்த்திகேயன் அதன் உறுப்பினர்களுள் ஒருவர். 2022 மே மாதம் வெளியான அறிக்கை, துப்பாக்கிப் பறிப்பு நம்பத்தக்கதன்று எனக் கூறி, 10 காவலர்களைக் கொலைக் குற்றத்துக்காக விசாரிக்கப் பரிந்துரைத்தது. இதன்மீதான நடவடிக்கைக்குத் தெலங்காணா உயர் நீதிமன்றம் 2024 இல் இடைக்காலத் தடை விதித்தது.

வயது

நால்வருள் மூவர் 18 வயது நிரம்பாதோர் என்றும் ஆணையம் கண்டது. இளைஞர் நீதிச் சட்டம், 2015 இன்படி சிறாரைக் காவல் நிலையக் கொட்டடியில் அடைக்கலாகாது. 16 வயது நிறைந்தவரைக் கொடுங்குற்றத்துக்காக வயதுவந்தோராக விசாரிக்க இடமுண்டு. ஆயினும் மரண தண்டனை கிடையாது. அதாவது, வழக்கு நடந்து குற்றம் நிறுவப்பட்டிருப்பினும் எந்த நீதிமன்றமும் இம்மூவரைத் தூக்கிலிட்டிருக்க இயலாது. வயதை உறுதிசெய்ய இச்சட்டம் முதலில் கேட்பது பள்ளிச் சான்று. அதுவும் பிறப்புச் சான்றும் இல்லாதபோதே எலும்புச் சோதனை.