டிவிஎஸ் 50 – எது ஒரிஜினல்?

உங்கள்ல எத்தனை பேரு சின்ன வயசுல டிவிஎஸ் 50-ல முன்னாடி நின்னுக்கிட்டே போயிருக்கீங்க? கையத் தூக்குங்க பாப்போம். நான் ரெண்டு கையும் தூக்குறேன் :-)

எங்க பெரியப்பாகிட்ட ஒண்ணு இருந்தது. 1982-ல வாங்கினது. பெரியப்பாவுக்குப் பூ வியாபாரம். விடியுறதுக்கு முன்னால தோவாளைச் சந்தையில பிச்சியும் அரளியும் எடுத்து, வெள்ளமடம் வழியா நாகர்கோவில் வடசேரிக் கடைகளுக்குக் கொண்டு போடணும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆடி மாசம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து அடிக்கும்போது அந்தக் குட்டி வண்டி ரோட்டுல பாம்பு மாதிரி நெளியும்.

பெரியப்பா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. வண்டி தொழுவத்துல துருப்பிடிச்சுக் கிடந்தது. "சவத்த ஆக்கர் கடையில போட்டிரலாம்"ன்னு அண்ணன் சொன்னான் (ஆக்கர் கடைன்னா பழைய இரும்புக்கடை, வெளியூர் மக்களுக்காக). எனக்கு மனசு கேக்கல. வேலை டெக்னோபார்க்கில், சனிக்கிழமை ஆனா ஊருக்கு ரயில் ஏறிடுவேன். அப்புறம் என்ன, மெக்கானிக்கல் படிச்சுட்டு கோடு எழுதுறவனுக்கு ஸ்பானர் பிடிக்க ஒரு சாக்கு வேண்டாமா? கம்பெனியில இருந்து வந்த மாதிரியே ஒரிஜினலா ஆக்கிடணும்னு முடிவு பண்ணினேன்.

ஒரிஜினல்னா என்னன்னு தெரிஞ்சுக்க வரலாறைக் கொஞ்சம் தோண்டினேன்.

மொபெட்ங்கிற வார்த்தையே மோட்டாரையும் பெடலையும் ஒட்டவச்சது. 1952-ல் ஒரு ஸ்வீடன் பத்திரிகையாளர் உண்டாக்கின சொல். உலகப்போருக்குப் பிறகு ஐரோப்பாவில் கார் வாங்க வழியில்லாத ஜனங்களுக்கு சைக்கிள்ல எஞ்சின் வச்சுக் கொடுத்தாங்க. நம்ம நாட்டுக்கு அது பக்கத்துத் திருப்பதி வழியா வந்தது. 1965-ல் அங்கே தொடங்கின மொபெட்ஸ் இந்தியா கம்பெனி, பிரான்ஸ் நாட்டு மோட்டோபெகான் நிறுவனத்தோட உரிமம் வாங்கி சுவேகா வண்டியைச் செய்தது. அடுத்து 1972-ல் புனேயில இருந்து கைனடிக்கின் லூனா. அந்தக் காலத்துல ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்துக் கிடக்கணும். நடுத்தர வீட்டுக்கு மொபெட்தான் கைக்கெட்டின வண்டி.

1980-ல் ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வந்தது. இந்தியாவின் முதல் ரெண்டு பேர் உட்காருற மொபெட்னு கம்பெனி சொல்லிக்கும். ஐம்பது சிசிக்கு ஒரு சிசிகூடத் தாண்டாத எஞ்சின்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போகலாம். அதான் அதோட விசேஷமே. இன்னொரு சந்தோஷம், டி.வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்த திருக்குறுங்குடி நமக்கு மகேந்திரகிரி மலைக்கு அந்தப் பக்கம்தான். 1911-ல் மதுரையில் அவர் ஆரம்பிச்ச தொழில்லதான் இந்தக் குட்டி வண்டியோட வேர் இருக்கு. ஒரு வகையில ஊர்க்கார வண்டி :-)

சரி, வேலைக்கு வருவோம். ஊர்ல எல்லாரும் ஆசான்னு கூப்பிடுற மெக்கானிக் ஒருத்தர் கிடைச்சார். எஞ்சினைப் பிரிச்சா புகை போற ஓட்டையில பாதி கார்பன் அடைச்சுக் கிடக்கு. டூ-ஸ்ட்ரோக் வண்டியில ஆயிலை பெட்ரோலோட கலந்துதானே ஊத்துறோம், அது எரிஞ்சு படியத்தான் செய்யும். பிஸ்டன் சிலிண்டரோட ஒட்டிப்போச்சு. போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டினோம். பாயிண்ட், கண்டன்சர், கிளட்ச் லைனிங், கேபிள் எல்லாம் புதுசு. ஒரு கடையில ஒரிஜினல்னு சத்தியம் பண்ணி எனக்குத் தந்த கார்புரேட்டர் ரெண்டாம் நாளே பெட்ரோலை ஒழுக விட்டுது. டேங்குக்குள்ள துரு எடுக்கவே ரெண்டு வாரம்.

பெயிண்டைச் சுரண்டினா மேல கருப்பு, அதுக்குக் கீழ நீலம், அடியில சிவப்பு. அந்தச் சிவப்புதான் கம்பெனி கலர். பழைய விளம்பரப் படங்களைப் பாத்து ஸ்டிக்கர்கூட வெட்டினேன்.

பின்னாடி ஒரு பெரிய இரும்புக் கேரியர் இருந்தது. பூக்கடவம் (பெரிய பனையோலைப் பெட்டி) வைக்க பின்சீட்டைக் கழட்டிட்டு பெரியப்பா வெல்டிங் பண்ணினது. கம்பெனிப் படத்துல அது இல்லையே? கிரைண்டர் வச்சு அறுத்தோம். பின்சீட்டு போட்டோம். அறுத்த கம்பி ஆக்கர் கடைக்குப் போச்சு.

நாலு மாசம் கழிச்சு வண்டி தயார். பளபளன்னு வாசல்ல கொண்டு நிறுத்தி பெரியம்மையைக் கூப்பிட்டேன். வெளிய வந்து பாத்தாங்க. சுத்தி ஒரு நடை நடந்தாங்க. பின்சீட்டைத் தொட்டுப் பாத்தாங்க.

"இது ஆருக்க வண்டி மக்கா?"

நான் சிரிச்சேன். அவங்க சிரிக்கல. நிஜமாத்தான் கேட்டிருக்காங்க.

பெரியப்பா வண்டின்னா அவங்களுக்கு அந்தக் கேரியர்தான். அதுல கடவத்தைக் கயிறு போட்டுக் கட்டி அனுப்பி வச்சது அவங்கதானே. பின்சீட்டு இருந்த வண்டியில அவங்க போனது கல்யாணமான புதுசுல ஒரு ஆறு மாசம். அப்புறம் முப்பது வருஷம் அந்த இடத்துல உட்கார்ந்து போனது பூதான்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. யோசிச்சா, மொபெட்டோட வரலாறே இதுதானே? ரெண்டு பேருக்குன்னு செஞ்ச வண்டியில நம்ம ஜனங்க பால் கேன், மீன் பெட்டி, தேங்காய் மூட்டை, கேஸ் சிலிண்டர்னு ஏத்தினாங்க. சுவேகா போச்சு. லூனா 2024-ல் மின்சார வண்டியாத் திரும்பி வந்தது. பெட்ரோல் மொபெட்ல நிலைச்சு நின்னது டிவிஎஸ்தான். 2015-ல் வந்த எக்ஸ்எல் 100-ஐப் பாருங்க. டூ-ஸ்ட்ரோக் போய் ஃபோர்-ஸ்ட்ரோக் ஆச்சு, பெடல் இல்ல. ஆனா பின்சீட்டைக் கழட்டி வச்சா சரக்கு ஏத்தலாம், கம்பெனியே அப்படித்தான் தருது. எங்க பெரியப்பா வெல்டிங் கடையில காசு கொடுத்துப் பண்ணினது இன்னைக்கு கம்பெனி ஒரிஜினல்! நான் அழுக்குன்னு நினைச்சு அறுத்து எறிஞ்சது அந்த வண்டியோட வரலாறை.

சட்டமும் இதுல ஒரு வேடிக்கை காட்டுது. 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், மூல வடிவத்துல இருக்கணும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம் மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டுல ஓட்டலாம், தினசரி வேலைக்கோ வியாபாரத்துக்கோ கூடாது. அதாவது எங்க வண்டி 2032-ல் விண்டேஜ் ஆகலாம். ஆனா அதுல ஒரு முழம் பூ கொண்டு விக்க முடியாது!

அடுத்த சனிக்கிழமை ஆக்கர் கடைக்கு ஓடினேன். "அது அன்னைக்கே லோடுல போயாச்சே"ன்னார் கடைக்காரர்.

பழைய போட்டோ ஒண்ணு வச்சு, பெரியம்மை கையால அளவு காட்ட, ஆசான் புதுசா ஒரு கேரியர் அடிச்சுக் கொடுத்தார். இந்தத் தடவை வெல்டிங் இல்ல, நட்டு போல்ட்டு. பெரியம்மை அதை ஆட்டிப் பாத்துட்டு, "ம், கடவம் நிக்கும்"ன்னாங்க.

இப்ப வண்டியில எஞ்சின், பெயிண்ட், ஸ்டிக்கர் எல்லாம் 1982 மாதிரியே இருக்கு. கேரியர் மட்டும்தான் டூப்ளிகேட். அது ஒண்ணுதான் ஒரிஜினலா இருந்திருக்கணும்.